"அப்படி ஆயிட்டா?"

கோத்தகிரி,
ஞாயிறு ராத்திரி

அன்புள்ள தேனு,

உன் கடிதம் வந்து ரெண்டு மாசம் ஆச்சு, கோபப்படாதே. அத்தைக்கு முழங்கால் வலி பரவாயில்லை. இவருக்கு பேக்டரியில் நைட் ஷிப்ட். ஜெயா வீட்டுக் கல்யாணத்துக்கு அந்தப் பச்சைப் புடவையில்தான் வருவேன், முடிந்தால் தடுத்துப் பார்.

எழுத உட்கார்ந்தது பவிக்காக. ஐப்பசி மழை நாலு நாளாக விடவில்லை. புதன்கிழமை இடி இடித்ததும் சின்னவன் அலறிக்கொண்டு மடியில் ஏறினான். இடி ஓய்ந்ததும் தூங்கிவிட்டான். பவி அழவே இல்லை. "மேல் மேடு சரிஞ்சா? அப்போ அப்பா பேக்டரியில இருந்தா? ரோடும் அடைச்சிட்டா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். 2009 நவம்பரில் இங்கே நீலகிரியில் மண் சரிந்து 40 பேருக்கு மேல் செத்துப்போனதை அத்தை யாரிடமோ சொல்லிக் கேட்டிருக்கிறாள். "ஒண்ணுமில்ல, தூங்கு" என்றேன். காலையில் கட்டிலடியில் பெருக்கினால் அவள் ஸ்கூல் பை. உள்ளே டார்ச், தம்பியின் ஸ்வெட்டர், நாலு வர்க்கி. தொண்டை அடைத்துவிட்டதடி.

பி.எட்.டில் பியாஜேவை உருப்போட்டோமே, பிள்ளைகள் எப்படி யோசிக்கிறார்கள் என்று ஆராய்ந்தவர், ஒரே அளவு தண்ணீரை ஒல்லி கிளாஸில் ஊற்றி எதில் அதிகம் என்று கேட்பது? பாலை வைத்துச் செய்தேன். 4 வயசுக்காரன் உயரமான கிளாஸைப் பிடுங்கிக்கொண்டான். 7 வயசுக்காரி, "அதே பால்தானம்மா, திருப்பி ஊத்தினா தெரியும்" என்றாள். ஊற்றாத பாலை மனசுக்குள் திருப்பி ஊற்றுகிற பிள்ளை, சரியாத மேடு சரிவதையும் பார்க்கிறாள், தேனு. சின்னவன் பயம் கண்ணுக்கு முன்னால் இருப்பதோடு முடிந்துவிடுகிறது. 1994-ல் அமெரிக்காவில் 5 முதல் 12 வயசுப் பிள்ளைகளிடம் அவர்கள் கவலைகளைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். 8 வயசுக்கு மேல்தான் கவலை அதிகம். 'அப்புறம் என்ன ஆகும்' என்று அடுக்கத் தெரிவதும் வயசு ஏற ஏறத்தான் கூடுகிறது. வளர்கிற மூளைக்குப் போய் 'ஒண்ணுமில்ல' என்று சொல்லியிருக்கிறேன்.

நேற்று மழை விட்டதும் பின்பக்கத் தடுப்புச் சுவருக்குக் கூட்டிப்போனேன். உள்ளே மண்ணில் தண்ணீர் தேங்கினால் சுவரை ரொம்பத் தள்ளும், அது வடியத்தான் இந்த ஓட்டைகள் என்று காட்டினேன். ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்தாள். ஒன்றில் சருகு அடைத்திருந்தது. சில்வர் ஓக் குச்சியால் குத்தினாள்; செம்மண் தண்ணீர் பீய்ச்சி ஃபிராக்கெல்லாம் நனைந்தது. "இனிமே தினம் பாக்கலாமா?" என்றாள். பார்க்கிறோம்.

பை இன்னும் கட்டிலடியில்தான் இருக்கிறது. எடுக்கச் சொல்லவில்லை, வர்க்கியை மட்டும் புதுசு மாற்றி வைத்தேன். உன் பெரியவன் இந்த வயசில் எதற்கெல்லாம் பயந்தான்? ஒன்று விடாமல் எழுது.

உன்,
வசந்தா