கண்ணு, மைக் உன் வாய்க்குப் பக்கத்துல இருக்கணும்

கண்ணு,

நீ அனுப்பின ரெக்கார்டிங்கை நேத்து ராத்திரி மூணு தடவ கேட்டேன். மொத தடவ அம்மாவும் பக்கத்துல உக்காந்திருந்தா, அவ தூங்கப் போனதும் நம்ம மைக்செட் கடைல இருக்கற பெரிய ஹெட்போனை எடுத்துட்டு வந்து மாட்டிக்கிட்டு இன்னும் ரெண்டு தடவ. போன மாசம் அந்த ஆன்லைன் வேலை இன்டர்வியூ முடிஞ்சதும் போன் பண்ணி, "நான் நல்லாதான்பா சொன்னேன், அவங்களுக்குத்தான் என்னைப் பிடிக்கல"ன்னு அழுதியே, அப்பவே எனக்கு ஒரு சந்தேகம் இருந்துச்சு. அன்னிக்குப் போட்ட அதே ப்ளூடூத் இயர்பட்ஸ் போட்டு உன் ரூம்மேட்டோட ஒரு பிராக்டிஸ் பண்ணி அனுப்புன்னு சொன்னது அதுக்குத்தான். இப்ப சந்தேகமே இல்ல.

உன் பதில்ல ஒரு கொறையும் இல்லடா. சாஃப்ட்வேர் டெஸ்டிங் பத்தி அப்பாவுக்கு ஒண்ணும் தெரியாது, ஆனா 31 வருஷமா மேடைக்குப் பக்கத்துல ஆம்ப்ளிஃபையரோட உக்காந்திருக்கேன், ஒருத்தர் விஷயம் தெரிஞ்சு பேசறாங்களா ஒப்பிக்கறாங்களான்னு குரலை வெச்சே சொல்லிடுவேன். நீ தெரிஞ்சு பேசற. அது அந்தப் பக்கம் போய்ச் சேரல, அவ்ளோதான். கிணத்துக்குள்ள இருந்து பேசற மாதிரி இருக்கு, ஒவ்வொரு வாக்கியத்துலயும் கடைசி வார்த்தை அமுங்கிப் போகுது. ஏதோ ஒரு எரர் கோடு சொல்ற இல்ல, அதுல நீ 'எஃப்'னு சொன்னதை உன் ரூம்மேட் 'எஸ்'ஸான்னு கேக்கறா. ரெண்டு தடவ "சாரி, கேக்கல"ன்னு அவ சொன்னதும் நீ கத்த ஆரம்பிக்கற, கத்தும்போது வேகமும் கூடிடுது, கடைசி பத்து நிமிஷம் யாரோ உன்னைத் துரத்தற மாதிரி பேசற. உன் குரலே அது கிடையாது. போன மாசம் இன்டர்வியூ எடுத்த அந்த மூணு பேர் கேட்டதும் இதைத்தான் கேட்டிருப்பாங்க.

ஏன் இப்படி ஆகுதுன்னு சொல்றேன், தெரிஞ்சுக்கோ. அந்த இயர்பட்ஸ்ல பாட்டு கேட்டா அருமையா இருக்குல்ல, அது பாட்டு மட்டும் வரும்போது. மைக்கையும் சேத்து ஆன் பண்ணின உடனே லேப்டாப் அதை போன் கால் மோடுக்கு மாத்திடும். பழைய முறைல ஒரு செகண்டுக்கு உன் குரலை 8,000 தடவதான் அளந்து அனுப்பும், கொஞ்சம் புதுசா இருந்தா 16,000. பாட்டு சிடில அதுவே 44,100. 8,000 தடவ அளந்தா 4,000 ஹெர்ட்ஸுக்கு மேல இருக்கறது எதுவுமே அந்தப் பக்கம் போகாது, 'ஸ்', 'ஃப்' மாதிரி சத்தத்துக்கெல்லாம் உயிரே அதுக்கு மேலதான் இருக்கு. அதோட அந்த மைக் உன் காதுகிட்ட இருக்கு, வாய்கிட்ட இல்ல. நம்ம தொழில்ல இது அரிச்சுவடி, மைக்குக்கும் வாய்க்கும் இருக்கற தூரத்தைப் பாதியாக்கினா குரல் 6 டெசிபல் ஏறும், ஃபேன் சத்தமும் தெரு சத்தமும் இருந்த எடத்துலயே இருக்கும். கல்யாண மண்டபத்துல மைக்கை இடுப்புகிட்ட பிடிச்சுக்கிட்டு பேசுவாங்களே, வால்யூமை ஏத்தினா கூவும், ஏத்தலன்னா கேக்காது, அப்ப நான் ஓடிப்போய் கையைப் பிடிச்சு மைக்கை மேல தூக்கி விடுவேன். உனக்கும் அதைத்தான் பண்ணப் போறேன்.

உன் சித்தப்பா ஒரு செய்தி படிச்சுக் காட்டினான். 2025ல அமெரிக்கால யேல் யுனிவர்சிட்டில ஒரு ஆராய்ச்சி பண்ணியிருக்காங்க, ஒரே பேச்சு, ஒரே வார்த்தைங்க, ஆனா சில பேருக்கு தெளிவா, சில பேருக்கு மட்டமான மைக்ல பேசின மாதிரி தகர சத்தமா கேக்க வெச்சிருக்காங்க. தகர சத்தத்துல கேட்டவங்க, இவரை வேலைக்கு எடுக்கலாமான்னு கேட்டா கொறச்சலா மதிப்பு போட்டாங்களாம், புத்திசாலியான்னு கேட்டாலும் அப்படித்தானாம். மனுஷக் குரல் மட்டும் இல்ல, கம்ப்யூட்டர் குரலை வெச்சுப் பண்ணினாலும் அதே கததானாம். அதைக் கேட்டதும் எனக்கு உன் ஞாபகம்தான் வந்துச்சு, ராத்திரி தூக்கமே வரல.

அதனால இன்னிக்கு காலைலயே சைதாப்பேட்டைல மெட்ரோ ஏறி கவர்ன்மென்ட் எஸ்டேட்ல எறங்கி எலக்ட்ரானிக்ஸ் கடைங்க இருக்கற ரிச்சி ஸ்ட்ரீட் போயிட்டேன். நீ கேட்டிருந்தல்ல, 5,000 ரூபாய்க்குள்ள எந்த மைக் நல்லா இருக்கும், யூடியூப்ல எல்லாரும் மேஜை மேல வெப்பாங்களே அந்த மாதிரி வாங்கலாமான்னு. வேண்டாம்டா. அது பெரும்பாலும் கண்டென்சர்னு ஒரு வகை மைக், நல்ல காது அதுக்கு, ஆனா நம்ம வீட்ல நல்ல காது ஆபத்து, ஃபேன் காத்து, அடுப்படி பாத்திரம், மாடிப்படில யாரோ எறங்கற சத்தம் எல்லாத்தையும் சேத்து அனுப்பிடும். தனி ரூம், சுவத்துல பஞ்சு ஒட்டினவங்களுக்கு அது. சட்டைல மாட்டற காலர் மைக்கும் பாத்தேன், நல்ல சாமான்தான், ஆனா துப்பட்டா ஒரசும், நீ தலையைத் திருப்பினா குரலும் ஏறி எறங்கும். 3.5 எம்எம் பின் போட்ட சாதா ஒயர் ஹெட்செட் வாங்கினா பின்ல மூணு கறுப்பு கோடு இருக்கான்னு பாக்கணும், ரெண்டு கோடுதான்னா அதுல மைக்கே கிடையாது, அதோட உன் லேப்டாப்ல அந்த ஓட்டை ஏற்கனவே கரகரங்குது.

கடைசில வாயண்ட கம்பி மாதிரி மைக் நீட்டிக்கிட்டு வர ஒயர் வெச்ச யூஎஸ்பி ஹெட்செட் வாங்கிட்டேன், 2,100 ரூபாய். யூஎஸ்பின்னா லேப்டாப்போட சவுண்ட் கார்டு பக்கமே போகாது, குரலை டிஜிட்டலா மாத்தற வேலையை ஹெட்செட்டே பண்ணிடும். சார்ஜ் தீந்து போற பயமும் இல்ல. முக்கியமா நீ எந்தப் பக்கம் திரும்பினாலும் மைக் உன் கூடவே திரும்பும். கடைக்காரர் முன்னாடியே அவரோட லேப்டாப்ல சொருகி ரெக்கார்ட் பண்ணிக் கேட்டுட்டுதான் காசு குடுத்தேன். மைக்கை வாய்க்கு நேரா வெக்காத, உதட்டு ஓரத்துல ரெண்டு விரல் தள்ளி வெச்சுக்கோ, நேரா வெச்சா 'ப' சொல்றப்பல்லாம் காத்து மோதி டொப்பு டொப்புன்னு கேக்கும்.

"ஹெட்செட் மாட்டினா கால் சென்டர் மாதிரி இருக்கும்பா, ப்ரொஃபெஷனலா இருக்காது"ன்னு நீ சொல்லுவன்னு தெரியும். கிரிக்கெட் கமென்டரி பாக்ஸ்ல உக்காந்திருக்கறவங்களைப் பாரு, நிறைய பேர் வாயண்ட மைக்கோட ஹெட்செட் போட்டுக்கிட்டுதான் இருக்காங்க, அவங்களை யாராவது கொறச்சுப் பாத்திருக்காங்களா? எதிர்ல இருக்கறவங்க முதல் நிமிஷம் அதைப் பாப்பாங்க, அப்புறம் நீ சொல்றதைத்தான் கேப்பாங்க. கேக்கவே கஷ்டமா இருந்தா நாப்பது நிமிஷமும் அது மட்டும்தான் ஞாபகம் இருக்கும். முடியை பின்னாடி தழைய பின்னிக்கோ, ஹெட்செட் பட்டை அழுத்தினாலும் கலையாது. ஜிமிக்கி வேண்டாம், காதை மூடற ஹெட்செட் வளையத்துல பட்டு டிக்கு டிக்குன்னு கேக்கும், சின்ன தோடு போதும். கண்ணாடி வளையலும் வேண்டாம், மேஜைல கை வெக்கறப்பல்லாம் அந்தப் பக்கம் ஜல்லுங்கும்.

அடுத்த இன்டர்வியூவை பிஜி ஹாஸ்டல்ல இருந்து பண்ணாத, வீட்டுக்கு வந்துடு. வெள்ளிக்கிழமை 11 மணின்னு நீ சொன்ன உடனே அம்மா கேலண்டரைப் பாத்துட்டு "ஐயோ ஆடி வெள்ளி"ன்னா. ஆமா, நம்ம தெரு அம்மன் கோயில்ல காலைலேர்ந்து பாட்டு போடுவாங்க. அன்னிக்கு மைக்செட் கட்டறது நம்மகிட்ட தொழில் கத்துக்கிட்ட பையன்தான், அவன்கிட்ட பேசிட்டேன். ஸ்பீக்கர் பாக்ஸ் ரெண்டையும் நம்ம வீட்டுக்கு முதுகு காட்டி பஜார் பக்கம் திருப்பி வெச்சிடறானாம், பத்தரையிலேர்ந்து பன்னெண்டு வரைக்கும் பாதி வால்யூம்தான், "அக்காவுக்கு நான் பாத்துக்கறேன் அண்ணே"ன்னான். பாக்ஸைத் திருப்பினா மேல் சத்தம் நல்லாவே கொறையும், கீழ் சத்தம், அந்த டம் டம், அது சுத்தி வரும், அதுக்குத்தான் உன்னைப் பின் ரூம்ல உக்கார வெக்கறேன்.

அந்த ரூம் மொசைக் தரை, வெறும் சுவரு, கை தட்டினா திரும்பி வருது. ஜமுக்காளத்தை மடிச்சு தரைல போட்டு, உனக்கு எதிர்ல இருக்கற சுவத்துல ரெண்டு கம்பளியைத் தொங்க விட்டு, பீரோ கதவைத் தொறந்து வெச்சுட்டேன், உள்ள இருக்கற புடவையெல்லாம் சத்தத்தை நல்லா குடிக்கும். கேமரால எதுவும் தெரியாது, உன் முதுகுக்குப் பின்னாடி வெறும் சுவரும் அந்த மர ஷெல்ஃபும்தான் இருக்கும். ஃபேன் மட்டும் கஷ்டம், ஆடி வெயில்ல ஃபேன் இல்லாம உன் முகத்துல வேர்வை வழியும். ரெண்டுல வெச்சு டெஸ்ட் பண்ணினேன், மைக் நுனில அந்த பஞ்சு தொப்பியை மாட்டினா தாங்குது.

லைட்டு விஷயத்துல நான் சொல்றதைக் கேளு, ஜன்னல் உன் முகத்துக்கு முன்னாடி இருக்கணும். முதுகுக்குப் பின்னாடி இருந்தா கேமரா அந்த வெளிச்சத்தைப் பாத்துட்டு உன் முகத்தை இருட்டாக்கிடும். வெயில் நேரா அடிச்சா கண்ணு கூசும், அதனால என் வெள்ளை வேட்டி ஒண்ணை ஜன்னல்ல கட்டிடறேன், வெளிச்சம் அப்படியே பரவி வரும். உச்சந்தலைக்கு மேல இருக்கற டியூப் லைட் வேண்டாம், கண்ணுக்குக் கீழ குழி விழும். அப்படியும் லைட் போட வேண்டி வந்தா கேமரா செட்டிங்ல ஃபிளிக்கர்னு ஒண்ணு இருக்கும், அதுல 50 ஹெர்ட்ஸ் வெச்சுக்கோ, நம்ம ஊரு கரண்டு 50, அது 60ல இருந்தா முகத்து மேல கோடு கோடா ஓடும். லேப்டாப்புக்குக் கீழ உன் பழைய பன்னெண்டாம் கிளாஸ் புக்கெல்லாம் அடுக்கி வெச்சு கேமராவை உன் கண்ணு மட்டத்துக்குக் கொண்டு வந்துட்டேன், இல்லன்னா மூக்கு ஓட்டைதான் தெரியும். பேசும்போது கேமராவைப் பாரு, அவங்க முகம் இருக்கற சின்ன ஜன்னலை ஸ்க்ரீன்ல மேல இழுத்து கேமராவுக்குக் கீழயே வெச்சுக்கோ. டிரஸ் அந்த ஒரே கலர் நீல குர்தா போதும். பொடி கோடு போட்டது வேண்டாம், கேமரால அலை அலையா ஆடும்.

கரண்டு பத்தி ஈபி ஆபீஸ்ல கேட்டுட்டேன், வெள்ளிக்கிழமை நம்ம ஏரியாவுக்கு பராமரிப்பு ஷட்டவுன் இல்ல. இருந்தாலும் ரவுட்டருக்கு இன்வெர்ட்டர் கனெக்ஷன் குடுத்தாச்சு, லேப்டாப்புக்கு லேன் ஒயரும் இழுத்துட்டேன். அதுவும் போச்சுன்னா என் போன்ல ஹாட்ஸ்பாட். நெட் தடுமாறினா பதறாத, "வீடியோவை ஆஃப் பண்ணிக்கலாமா"ன்னு கேட்டுட்டு ஆஃப் பண்ணு, குரலுக்கு 100 கேபிபிஎஸ் நெட் வேகம் கூட வேண்டாம், வீடியோதான் எல்லாத்தையும் தின்னும். அவங்க "கேக்கல"ன்னு சொன்னா கத்தக் கூடாது. நிறுத்து, பத்து செகண்ட் குடுங்கன்னு சொல்லு, மைக் எடத்துல இருக்கா, ஒயர்ல இருக்கற மியூட் பட்டன் அமுங்கியிருக்கான்னு பாரு, அப்புறம் அதே குரல்ல விட்ட எடத்துலேர்ந்து பேசு. ஹெட்செட்டை மொதல்ல சொருகிட்டு அப்புறம்தான் மீட்டிங்கைத் தொறக்கணும், உள்ள போனதும் மைக் எதுன்னு கேக்கற எடத்துல இதோட பேரு இருக்கான்னு பாரு, பல தடவ அதுவா லேப்டாப் மைக்குக்குப் போயிடுது.

நாலாம் கிளாஸ்ல சுதந்திர தினத்துக்கு நீ பேசினது ஞாபகம் இருக்கா? செட்டு நம்மளதுதான். உனக்கு முன்னாடி ஹெட்மாஸ்டர் பேசிட்டுப் போனாரு, ஸ்டாண்டு அவர் உயரத்துல நின்னுச்சு, நீ அண்ணாந்து பேசற, எதுவும் கேக்கல, பின்னாடி பசங்க சிரிச்சாங்க. நான் மேடை ஏறி ஸ்டாண்டை எறக்கி உன் வாய் உயரத்துக்கு வெச்சேன். நீ மறுபடி "அனைவருக்கும் வணக்கம்"லேர்ந்து ஆரம்பிச்ச. கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்டுச்சு.

வியாழக்கிழமை காலைல சென்ட்ரல்ல வந்து நிக்கறேன், எந்த கோச்னு ஏறினதும் மெசேஜ் போடு. லேப்டாப் சார்ஜரை மறந்துடாத, போன தடவ மாதிரி பிஜி ப்ளக்லயே விட்டுட்டு வராத. வந்து குளிச்சு சாப்ட்டு தூங்கு, சாயங்காலம் நாம ரெண்டு பேரும் உக்காந்து ஒரு மணி நேரம் டெஸ்ட் பண்ணுவோம், நீ பின் ரூம்ல பேசு, நான் முன் ரூம்ல சித்தப்பா லேப்டாப்ல கேக்கறேன். வெள்ளிக்கிழமை குக்கரெல்லாம் பத்து மணிக்குள்ள முடிச்சுடறேன்னு அம்மா சொல்லிட்டா, காலிங் பெல் ஒயரை நான் கழட்டிடுவேன், 11 மணிக்கு கேட்டுக்கு வெளிய சேர் போட்டு நான் உக்காந்திருப்பேன், யாரும் உள்ள வர மாட்டாங்க.

அப்பா