பெயர் தெரியாத அந்த லாரிக்காரருக்கு நன்றி

கனடாவின் வடக்கே, யெல்லோநைஃபுக்கு வரும் நெடுஞ்சாலை 3-இல் போன வாரம் எங்கள் கார் நின்றுவிட்டது. மைனஸ் 38 டிகிரி. செல்போன் சிக்னல் இல்லை. இந்தக் குளிரில் என்ஜின் ஆயில் கூழாக இறுகும், பேட்டரியும் சோர்ந்துவிடும். அதனால்தான் இங்கே இரவெல்லாம் என்ஜின் ஹீட்டரைக் கரண்டில் செருகி வைக்கிறோம். நடுவழியில் அதற்கு எங்கே போவது? டிசம்பரில் பகல் வெளிச்சமே 5 மணி நேரம்தான்.

இருட்டும் நேரத்தில் ஒரு லாரிக்காரர் நிறுத்தினார். முதலில் குழந்தையைத் தூக்கித் தன் வண்டிக்குள் உட்காரவைத்தார். அப்புறம்தான் தன் பேட்டரியிலிருந்து எங்கள் பேட்டரிக்குக் கரண்ட் கொடுக்கும் கேபிளை எடுத்தார். கார் கிளம்பியபின்னும் ஊர் வரும்வரை பின்னாலேயே வந்தார். ஐயா, என் பிள்ளை பத்திரமாக இருக்கிறாள் என்றால் அது உங்களால்தான். யெல்லோநைஃப் நண்பர்களே, அவரைத் தெரிந்தால் சொல்லுங்கள். வீட்டுக்கு அழைத்து வயிறாரச் சாப்பாடு போடவேண்டும்.