பால்டி மர மில்

டங்கன், வான்கூவர் தீவு, கனடா
டிசம்பர் 5

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் வந்து ஒரு மாதம் ஆகிறது. இத்தனை நாள் பதில் போடாதது என் தப்புதான், மன்னித்துக்கொள்ளுங்கள். நான் நல்ல சுகம். வேலைக்கு ஒரு குறையும் இல்லை. இப்போது வாரத்துக்கு மூன்று நாள்தான், நல்ல ஓய்வு. மழைதான் விட மாட்டேன் என்கிறது. குற்றாலச் சாரல் மாதிரி இருக்கும், ஆனால் எலும்பில் இறங்கும்.

கீழ்வீட்டு சர்தார் தாத்தா இன்னும் தட்டில் சப்பாத்தியும் மாங்காய் ஊறுகாயும் மூடிக்கொண்டு வருகிறார். நான் சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரிலேயே நிற்பார். போன செவ்வாய்க்கிழமை, "உங்க அப்பா மர மில்லுக்காரர்தானே, வா" என்று பால்டிக்குக் கூட்டிப்போனார்.

அப்பா, நீங்கள் பார்க்க வேண்டிய இடம். 1906இல் பஞ்சாபிலிருந்து வந்த மாயோ சிங், 1917 வாக்கில் கூட்டாளிகளோடு அந்தக் காட்டில் மில் போட்டார். ரயில் பாதை ஓரம், நம் செங்கோட்டை மில் மாதிரியே. தடி உள்ளே போகும், பலகை வேகன் ஏறும். ரயில் இல்லாமல் இந்த மரத்தை எவன் நகர்த்துவான்? ஒரு பழைய டக்ளஸ் ஃபிர் அடிக்கட்டையை நானும் தாத்தாவும் சேர்ந்து கட்டிப்பிடித்தும் கை எட்டவில்லை. 1919வரை நம் நாட்டுக்காரர்கள் பெண்டாட்டி பிள்ளைகளைக் கூட்டிவர இங்கே சட்டம் இடம் தரவில்லை. அந்த வருஷமே குருத்வாரா கட்டினார்கள். சீனர், ஜப்பானியர், வெள்ளைக்காரர் எல்லாரும் அங்கே வேலை பார்த்தார்கள். பிள்ளைகளுக்கு ஒரே பள்ளிக்கூடம். 1942இல் யுத்தத்தைச் சொல்லி ஜப்பானியக் குடும்பங்களை அரசாங்கம் அள்ளிக்கொண்டு போனது. இதைச் சொல்லும்போது தாத்தா வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டார்.

ஊருக்கு முதலில் மாயோ என்றுதான் பெயர். வடக்கே யூகானிலும் ஒரு மாயோ இருந்ததால் தபால் மாறிப் போயிருக்கிறது. 1936இல் மாயோ சிங் பஞ்சாபில் உள்ள தன் சொந்த ஊர்ப் பெயரையே வைத்துவிட்டார், பால்டி என்று.

இப்போது மில் இல்லை. குருத்வாராவும் சில வீடுகளும்தான். தண்டவாளம் போன தடத்தில் ஆட்கள் நடக்கிறார்கள். ஒரு வீட்டுப் பின்னால் யாரோ விறகு அறுத்தார்கள், ஈரத் தூள் வாசனை வந்தது. நீங்கள் மில்லிலிருந்து வந்து வாசலில் சட்டையை உதறுவீர்களே, அம்மா துண்டை நீட்டிக்கொண்டு நிற்பாளே. அங்கேயே உட்கார்ந்துவிட்டேன் அப்பா. தாத்தா ஒன்றும் கேட்கவில்லை.

ரீப்பரெல்லாம் செல்லரித்துவிட்டது என்று எழுதியிருந்தீர்கள். தை கழிந்ததும் பணம் அனுப்புகிறேன், அதுவரை ஓட்டை இறக்க வேண்டாம். மாமா சொல்லும் மலிவு மரத்தை மட்டும் வாங்காதீர்கள். நீங்களே போய்த் தட்டிப் பார்த்து எடுங்கள். கடையநல்லூர் வரன் பற்றிச் செல்வியிடம் கேட்டீர்களா? அவள் சரி என்று வாயைத் திறந்து சொல்லாமல் தேதி பேசாதீர்கள். ஆச்சிக்குக் கண் ஆபரேஷன் என்றைக்கு என்று எழுதுங்கள். கவரில் என் வீட்டு நம்பரைப் பெரிதாகப் போடுங்கள். போன கடிதம் தாத்தா வீட்டுக்குப் போய், நாலு நாள் கழித்துத்தான் சப்பாத்தித் தட்டோடு வந்தது.

உங்கள் மகன்,
முருகன்