அவளாகச் சொல்லட்டும்

பாம்பன்

அன்புள்ள தோழிக்கு,

கடிதம் கிடைத்தது. விபத்துக்குப் பிறகு உன் அக்கா மகள் வாயே திறப்பதில்லை, வருகிறவர்களெல்லாம் "என்னம்மா நடந்தது, சொல்லு" என்று துருவுகிறார்கள் என்று எழுதியிருந்தாய். முதலில் அதை நிறுத்தச் சொல். இப்படிக் கட்டாயப்படுத்திப் பேசவைக்கக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2011லேயே சொல்லிவிட்டது. அவளாகச் சொன்னால் காது கொடுத்துக் கேளுங்கள், போதும்.

நான் பாடம் எடுக்கும் இரண்டாம் வகுப்பில் ஒரு பையன். அவன் அப்பா கடலில் பிடிபட்டு, அக்கரையில் இலங்கைச் சிறையில் இருந்துவிட்டு வந்தவர். "அதான் அப்பா வந்துட்டாரே, சின்னப்புள்ள மறந்துரும்" என்றார்கள். அவனோ ராத்திரி பாயை நனைத்தான். கதவு படாரென்று சாத்தினால் பெஞ்சுக்கு அடியில் போய்விடுவான். ஏப்ரல் 15இல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிப் படகெல்லாம் கரையில் நின்றபோது அந்தத் தொந்தரவே இல்லை. 61 நாள் முடிந்து அப்பா கடலுக்குக் கிளம்பும் நாளில், கடலுக்குப் போக அவர் வாங்கி வைத்திருந்த அனுமதி டோக்கனை எடுத்து அரிசி டப்பாவுக்குள் புதைத்துவிட்டான். அம்மா அடிக்கக் கை ஓங்கினார். அது சேட்டையா, சொல்? அப்பாவைக் காப்பாற்ற அந்தப் பிஞ்சுக்குத் தெரிந்த வழி அது.

எங்கள் தெருவில் ஒரு பாட்டி, 1964 டிசம்பரில் தனுஷ்கோடிப் புயலில் தப்பியவர். அப்போது சிறுமி. இன்றைக்கும் மார்கழியில் காற்று வலுத்தால் விடியவிடிய விளக்கை அணைக்க மாட்டார். பிள்ளைகள் மறந்துவிடும் என்பவர்களை அவரிடம்தான் கூட்டிப்போக வேண்டும்.

பையன் தூங்கும்போது சொல்லாமல் போவதை அப்பா விட்டுவிட்டார். "காலையில வருவேன். நேரமானா சித்தப்பா வந்து தகவல் சொல்வாரு" என்று சொல்லிவிட்டே போகிறார். கடலை நம்பிச் சத்தியம் பண்ண முடியாதே. ஆனால் என்ன நடக்கும் என்று முன்கூட்டியே தெரிந்தாலே பிள்ளைக்குப் பாதி பயம் விலகுகிறது. சாப்பாடு, விளையாட்டு, தூக்கம் எல்லாம் அதனதன் நேரத்தில். பாயை நனைத்தால் திட்டு கிடையாது. மெதுவாகத்தான் தேறுகிறான், நேற்று கதவு சாத்தியபோது என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றான், ஒளியவில்லை.

உங்கள் பிள்ளையையும் பழையபடி பள்ளிக்கு அனுப்பப் பாருங்கள். ஒரு மாதம் தாண்டியும் தூக்கமும் பேச்சும் திரும்பாவிட்டால் குழந்தை மனநல மருத்துவரிடம் காட்டுங்கள். அரசின் மனநல உதவி எண் 14416க்குக் கூப்பிட்டால் இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசுவார்கள், காசு கிடையாது.

அக்காவையும் கவனித்துக்கொள். அவளும் அதே வண்டியில்தானே இருந்தாள்? அவளிடம் யாராவது எப்படி இருக்கிறாய் என்று கேட்டார்களா, எழுது.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழி