மூன்றாவது பேட்டரி வேண்டாம், தாயி

திண்டுக்கல்,
மார்கழி 22

அன்பு மகளுக்கு,

இங்கே நானும் அம்மாவும் நலம். மாப்பிள்ளை காலை ஊன்றி நடக்கத் தொடங்கிவிட்டார் என்று கேட்டதில் அம்மாவுக்குப் பாதி உயிர் திரும்பியது. அவர் மறுபடியும் வண்டி எடுக்கும்வரை ஓட்டுவது நீதான் என்பதால் எனக்கு வண்டியைப் பற்றித்தான் நினைப்பு. லோடு வண்டி சில நாள் ஸ்டார்ட் ஆகாமல் நிற்கிறது என்று நேற்று நீ போனில் சொன்னதையெல்லாம் காலண்டர் தாளின் பின்னால் குறித்துக்கொண்டேன். பேச்சின் நடுவே கேரட் மூட்டை ஏற்ற ஆள் வந்துவிட்டது, நீ வைத்துவிட்டாய். சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

முதலில், மூன்றாவது பேட்டரி வாங்காதே. சித்திரையில் ஒன்று, கார்த்திகையில் ஒன்று என்று எட்டு மாதத்தில் இரண்டு மாற்றிவிட்டாய். புதிது போட்ட பிறகும் அதே குறை திரும்பி வந்தால் குறை வேறெங்கோ இருக்கிறது. அந்தப் பட்டறையில் மீட்டர் வைத்துக்கூடப் பார்க்கவில்லை என்று நீ சொன்னபோது எனக்கு ஆற்றமாட்டாத கோபம் வந்தது. 35 வருடம் ஆட்டோ எலக்ட்ரீஷியனாக இருந்தவன் நான். அளந்து பார்க்காமல் ஒருவர் பணத்தைச் செலவழிக்க வைப்பதை என்னால் பொறுக்க முடியாது.

நீ சொன்னதைத் திரும்பத் திரும்பப் படித்ததில் எனக்குத் தெரிந்தது இது: வண்டிக்கு இருப்பது ஒரு நோய் அல்ல, இரண்டு. மலையில் கேத்தி பாலாடாவில் உறைபனி விழுந்த காலையில், எஞ்சினைச் சுற்றிவிடும் செல்ஃப் மோட்டார் நன்றாகச் சுற்றுகிறது, எஞ்சின் மட்டும் பிடிப்பதில்லை. கீழே மேட்டுப்பாளையம் மண்டியில் லோடு இறக்கி அரை மணி கழித்துச் சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரே சத்தம். செல்ஃப் சுற்றுவதே இல்லை. செல்ஃப் சுற்றியும் எஞ்சின் பிடிக்காவிட்டால் டீசல் பக்கம் பார்க்க வேண்டும். சுற்றவே இல்லையென்றால் கரண்ட் பக்கம். 'சில நாள் எடுக்கிறது, சில நாள் எடுப்பதில்லை' என்று ஒரே வாக்கியத்தில் சொன்னதால்தான் எல்லோரும் பேட்டரியையே பார்த்தார்கள்.

காலைத் தொந்தரவைப் பற்றி நீ போகிற போக்கில் ஒன்று சொன்னாய். சரிவில் வண்டியின் முகத்தைக் கீழ்நோக்கி நிறுத்தத் தொடங்கிய பிறகு, பல நாள் உருட்டாமலே செல்ஃபிலேயே எடுத்துக்கொள்கிறது என்றாய். அதுதான் துப்பு, தாயி. முகம் மேலே பார்த்து நின்றால் எஞ்சின் டாங்கைவிட உயரத்தில் இருக்கும். குழாயில் எங்காவது காற்று நுழைய மயிரிழை இடம் இருந்தால், இரவு முழுவதும் டீசல் மெல்ல டாங்குக்கே இறங்கிவிடும். காலையில் பம்ப் இழுப்பது வெறும் காற்றை. முகம் கீழே இருந்தால் அது நடப்பதில்லை. டாங்கிலிருந்து பம்ப் வரைக்கும் உறிஞ்சும் குழாய் என்பதால், டீசல் வெளியே சொட்டாமலே காற்று உள்ளே போகும். கீழே ஈரம் இல்லை என்று யாரும் சந்தேகப்படுவதில்லை.

ஐப்பசியில் டீசல் ஃபில்டர் மாற்றினாய். காலைத் தொந்தரவு அதற்குப் பிறகு வந்தது. அதனால் ஃபில்டரின் ரப்பர் வளையத்தைத்தான் முதலில் சந்தேகிக்கிறேன். அடுத்து அதற்கு வரும் ஹோஸின் முனைகளையும் கிளிப்புகளையும். நாளை இரவு வேண்டுமென்றே முகத்தை மேல்நோக்கி நிறுத்து. காலையில் சாவியைத் தொடுவதற்கு முன் ஃபில்டர் பக்கத்தில் இருக்கும் கைப்பம்பை அழுத்து. பம்ப் கையில் கெட்டிப்பட வெகு நேரம் ஆகி, கெட்டிப்பட்டதும் எஞ்சின் உடனே பிடித்துக்கொண்டால் காற்றுதான் காரணம்.

அந்தக் குளிரில், எஞ்சினின் உள்ளே சூடேற்றித் தரும் ஹீட்டர் பிளக்கும் வேலை செய்ய வேண்டும், மறுக்கவில்லை. செல்ஃப் சுற்றும்போது சைலன்சரில் பச்சை டீசல் நாற்றத்தோடு வெள்ளைப் புகை வந்தால், டீசல் வருகிறது, எரியவில்லை என்று பொருள். அப்போது ஹீட்டர் பிளக்கைப் பார்க்கலாம். புகையே இல்லை என்றாய், அதனால் அது இரண்டாம்பட்சம். யார் சொன்னாலும் ஸ்டார்ட்டிங் ஸ்பிரே அடிக்க விடாதே. பழுக்கக் காய்ந்த ஹீட்டர் பிளக்கில் அது பட்டால் எஞ்சினுக்குள் வெடிக்கும். காற்றை எடுக்க இன்ஜெக்டர் குழாயைத் தளர்த்தவும் விடாதே. என் காலத்து எஞ்சினில் அப்படிச் செய்தோம். இப்போதைய காமன் ரெயில் எஞ்சினில், இன்ஜெக்டர்களுக்குப் போகும் டீசலுக்கு 1,000 பாருக்கு மேல், அதாவது காற்றழுத்தத்தைப் போல் ஆயிரம் மடங்குக்கு மேல் அழுத்தம். பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.

இனி அந்த 'டக்'. உனக்கு ஒன்பது வயதிருக்கும்போது, பழைய பட்டறையில் ஒரு லாரிக்கு நான் இரண்டு மணி நேரம் வயரிங் தேடியது நினைவிருக்கிறதா? நீ டெஸ்ட் லாம்ப் பிடித்துக்கொண்டிருந்தாய். "சேஸில் கிளிப் போட்டால் எரிகிறது, எஞ்சினில் போட்டால் எரியவில்லையே அப்பா" என்றாய். எஞ்சினுக்கும் சேஸ் என்கிற அடிச்சட்டத்துக்கும் நடுவே, கரண்ட் திரும்பிப் போக இருந்த எர்த் பட்டை அரித்துப்போயிருந்தது. அன்று கண்டுபிடித்தவள் நீ. இன்றும் அங்கிருந்தே தொடங்கு.

மீட்டரை வோல்ட்டில் வை. இரவு முழுவதும் நின்ற வண்டியில் பேட்டரி 12.6 காட்டினால் அது நிறைந்திருக்கிறது. எஞ்சின் ஓடும்போது 13.8-லிருந்து 14.4-க்குள் காட்டினால் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரும் சரி. இதை இரண்டு நிமிடத்தில் முடித்துவிடலாம்.

முக்கியமானது அடுத்தது. இதை மண்டியில் 'டக்' என்று நிற்கும் அந்த நேரத்திலேயே செய்ய வேண்டும். நன்றாக எடுக்கும் வண்டியில் அளந்தால் முழுதும் தெரியாது. கியரை நியூட்ரலில் போட்டு, கைபிரேக் இழுத்து, கிளீனர் பையனைச் சாவி திருப்பச் சொல். மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் ஈயக் குமிழிலேயே வை, கிளாம்பில் அல்ல. மறு முனையை எஞ்சின் இரும்பில் வை. சாவியைத் திருப்பும்போது அரை வோல்ட்டோ அதற்கு மேலோ காட்டினால் எர்த் கெட்டிருக்கிறது. அதேபோல் பாசிட்டிவ் குமிழுக்கும், செல்ஃபில் பேட்டரி வயர் வந்து சேரும் பெரிய போல்ட்டுக்கும் நடுவே பார். இரண்டும் சுத்தமாக இருந்து, பேட்டரியும் 12-க்குக் கீழே இறங்காமல், செல்ஃப் மட்டும் சுற்றாவிட்டால், செல்ஃபுக்குக் கரண்டை இணைத்துவிடும் சொலினாய்டுக்குள் இருக்கும் செம்புக் காண்டாக்ட் தேய்ந்திருக்கும். சூட்டில் நிறுத்திய எஞ்சின், தன் வெப்பத்தையெல்லாம் பக்கத்திலிருக்கும் செல்ஃபுக்குக் கொடுக்கிறது. சூடேறிய சொலினாய்டுக் கம்பிச்சுருள் பலமாக இழுப்பதில்லை. அரை மணி கழித்து மக்கர் செய்வதற்குக் காரணம் அதுவாக இருக்கலாம். செல்ஃபையே மாற்று என்பார்கள். பல மாடல்களுக்குக் காண்டாக்டோ சொலினாய்டோ தனியாகக் கிடைக்கும், கேட்டு வாங்கு.

இதெல்லாம் மெதுவாகச் செய்யலாம். ஆனால் உருட்டி ஸ்டார்ட் செய்வதை இன்றோடு நிறுத்திவிடு. நேற்று அதைக் கேட்டதிலிருந்து எனக்குக் கண் மூடவில்லை. எஞ்சின் ஓடாதபோது பிரேக்கை லேசாக மிதிக்க உதவும் பூஸ்டருக்கு வேக்குவம் வராது. தேங்கியிருப்பதில் ஒன்று இரண்டு முறை மிதிக்கலாம், பிறகு பெடல் கல்லாகிவிடும். ஸ்டியரிங்கும் கனத்துப் போகும். பாலாடாச் சரிவில், பின்னால் முழு லோடு கேரட்டோடு, பனி ஈரத்தில் நீ அப்படி உருட்டுகிறாய். ஒருநாள் வண்டி எடுக்காவிட்டால் லோடு போகாது, நல்ல விலை கிடைக்காது, அவ்வளவுதான். பக்கத்துத் தோட்டத்து வண்டியில் ஏற்றிவிடு. வாடகையை நான் அனுப்புகிறேன்.

பார்சல் நாளை பஸ்ஸில் வருகிறது. உள்ளே என் மீட்டர் இருக்கிறது, சிவப்பு வயரில் நான் சுற்றிய டேப்பைப் பிரிக்காதே. நீ பிடித்த அதே டெஸ்ட் லாம்ப் இருக்கிறது, பல்பு மட்டும் புதிது. ஒரு சின்ன நோட்டும் வைத்திருக்கிறேன். எடுக்காத ஒவ்வொரு முறையும் நேரம், இடம், முகம் மேலா கீழா, செல்ஃப் சுற்றியதா, புகை வந்ததா என்று எழுதி, ஞாயிறு இரவு படித்துச் சொல்.

அடியில் இரண்டு மரக்கட்டைகள் இருக்கும். வேலமரத்தில் நானே செதுக்கினேன். சரிவில் நிறுத்தும்போதெல்லாம் பின்சக்கரத்துக்கு வை.

அப்பா