தின்றும் மெலிகிற பசு

அன்புள்ள ராசு,

உன் கடிதம் கிடைத்தது. சின்னவள் கல்யாணம் முடிவானதில் ரொம்பச் சந்தோஷம். தேதி குறித்ததும் எழுது, இரண்டு நாள் முன்னாலேயே வந்துவிடுகிறேன்.

சரி, பசு விஷயத்துக்கு வருகிறேன். தீனி ஒழுங்காகத் தின்றும், குடற்புழு மருந்து கொடுத்தும் விலா எலும்பு தெரிகிறது என்றால் காசநோயையும் யோசிக்கத்தான் வேண்டும். இருமல் இல்லையே என்று நீ எழுதியிருப்பதை வைத்து நிம்மதி அடையாதே. மாட்டுக்கு இருமல் வருவதற்குள் நோய் முற்றியிருக்கும். வந்தாலும் பெரிதாக இருமாது. விடிகாலையிலோ, குளிர்ந்த தண்ணீர் குடித்த பிறகோ, கொஞ்ச தூரம் ஓட்டிப் போனாலோ ஒன்றிரண்டு தடவை செருமும், அவ்வளவுதான். தாடைக்குக் கீழேயும் தோளுக்கு முன்னாலும் தடவிப் பார். நெறி கட்டிக் கெட்டியாக இருந்தால் டாக்டரிடம் சொல். மடியின் பின்பாதி வலியில்லாமல் இறுகியிருந்தாலும் சொல். விடாத கழிச்சலும் இருந்தால், குடலைத் தாக்குகிற ஜோன்ஸ் நோயாக இருக்கலாம். அதுவும் மாட்டை இப்படித்தான் உருக்கும்.

கொழுகொழுவென்று நிற்கிற மாட்டுக்குள்ளும் காசநோய்க் கிருமி இருக்கலாம். அதனால் சோதனை பண்ணாமல் விடாதே. கழுத்துத் தோலில் டியூபர்குலின் என்கிற காசநோய்ச் சோதனை ஊசி போட்டு, 72 மணி நேரம் கழித்து அந்த இடம் எவ்வளவு தடித்திருக்கிறது என்று அளப்பார்கள். அதுவரை பசுவைத் தனியே கட்டு, தொட்டியும் தனியாக இருக்கட்டும். கறந்த சூட்டோடு பேரனுக்கு ஒரு டம்ளர் கொடுப்பாயே, அதை இன்றைக்கே நிறுத்து. பாலை நன்றாகக் காய்ச்சித்தான் குடிக்க வேண்டும்.

காட்டு மிருகங்களுக்கும் வருமா என்று கேட்டிருந்தாய். தென்னாப்பிரிக்காவின் க்ரூகர் பூங்காவில் 1990இல் காட்டெருமைகளிடம் கண்டுபிடித்தார்கள். தெற்கு எல்லைப் பண்ணை மாடுகளிடமிருந்து தொற்றியது அது. அந்த எருமைகளைத் தின்ற சிங்கங்கள் எலும்பும் தோலுமாகின, சிலவற்றுக்கு முழங்கை வீங்கியது. குடூ என்கிற ஆப்பிரிக்க மானுக்குக் காதுக்குக் கீழே கட்டி புடைத்துத் தூரத்திலிருந்தே தெரியும். எருமையோ லேசில் காட்டிக்கொடுக்காது. நம் பக்கத்திலும், தென்னிந்தியக் காட்டில் இறந்த மூன்று யானைகளிடம் காசநோய் இருந்ததாக 2017இல் ஆய்வுக் கட்டுரை வந்தது. அதுவும் மாட்டுக் கிருமி இல்லை, மனிதருக்கு வருகிற கிருமி! காட்டு யானைக்கு நம் நோய் போயிருக்கிறது என்பதை இன்னும் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

டாக்டர் வரும்போது கொட்டகையில் உள்ள மற்ற மாடுகளுக்கும் சேர்த்து ஊசி போடச் சொல். முடிவு தெரிந்ததும் போன் பண்ணு, கடிதத்துக்குக் காத்திருக்க முடியாது. தங்கச்சியை விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
முருகேசன்