15 எழுத்தை 31 என்று எண்ணுகிறவர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

டிஜிட்டல் காலனியம் பற்றி உங்கள் நடுப்பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல கட்டுரைதான், ஆனால் ஆரம்பம் முதல் கடைசி வரை 'நம் தரவை அள்ளிக்கொண்டு போகிறார்கள்' என்ற ஒரே இடத்தைச் சுற்றிச் சுற்றி வந்தது. தரவு போகிறது, சரி. எனக்கு அதைவிட உறுத்துவது அளக்கிற படி யார் கையில் இருக்கிறது என்பது.

நான் தமிழில் தட்டச்சு செய்து பிழைக்கிறவன். பலருக்கும் குறுஞ்செய்தி எழுதிக் கொடுப்பதும் என் வேலையில் ஒன்று. மொத்தமாக அனுப்பும்போது செய்திக்கு இவ்வளவு என்று காசு. 'கூட்டம் நாளை மாலை ஐந்து மணிக்கு' என்பதில் எத்தனை எழுத்து? ஒன்றாம் வகுப்புப் பிள்ளை விரல்விட்டு எண்ணி 15 என்று சொல்லிவிடும். செல்பேசி 31 என்கிறது. இடைவெளி நான்கைக் கழித்தாலும் 27. ஏனென்றால் அதன் கணக்கில் 'கூ' ஓர் எழுத்தில்லை, க தனி, ஊகாரக் குறி தனி. 'ட்' என்றால் ட ஒன்று, மேலே வைக்கிற புள்ளி ஒன்று. ஆக, நாம் புள்ளிக்கும் காசு கொடுக்கிறோம். அதோடு போகவில்லை. ஒரு குறுஞ்செய்திக்குள் இருக்கும் இடம் 140 பைட்தான், அதாவது 1,120 பிட் (பிட் என்பது கணினி எண்ணுகிற மிகச் சின்ன அலகு). ஆங்கில எழுத்துக்கு ஏழு பிட் போதும் என்பதால் 160 எழுத்து கொள்ளும், தமிழுக்குப் பதினாறு பிட், அதனால் 70. அதைத் தாண்டினால் இரண்டாவது செய்தியாகக் கணக்கு ஏறும்.

இந்த 160 எங்கிருந்து வந்தது தெரியுமா? 1985-இல் ஜெர்மனியில் ஃப்ரீட்ஹெல்ம் ஹில்லபிராண்ட் என்ற பொறியாளர் தட்டச்சுப் பொறி முன்னால் உட்கார்ந்து, மனதுக்கு வந்த வாக்கியங்களையும் கேள்விகளையும் தட்டி, எழுத்துகளை எண்ணிப் பார்த்தார். அநேகமாக எல்லாமே 160-க்குள் அடங்கின. சரி, இது போதும் என்று முடிவு செய்தார். அவர்மேல் எனக்குக் கோபமே இல்லை, யாரையும் ஏமாற்ற அவர் நினைக்கவில்லை. தனக்குத் தெரிந்த எழுத்தில் தட்டிப் பார்த்தார், அவ்வளவுதான். உயிர்மெய் எழுதுகிறவன் ஒருவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் 'ஐயா, இது எங்களுக்குப் பத்தாதே' என்று சொல்லியிருப்பான். நாற்பது வருடம் ஆகிறது, அவர் போட்ட அந்தக் கணக்கில்தான் இன்றும் பில் வருகிறது.

இது பழைய கதை, இப்போது செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டது, எல்லாம் மாறிவிட்டது என்பார்கள். அதிலும் இதே கதைதான். அந்தச் சேவையை வைத்து மென்பொருள் செய்கிறவர்களுக்கு டோக்கன் கணக்கில் கட்டணம்; டோக்கன் என்றால் வாசகத்தை அது வெட்டிக்கொள்கிற சின்னத் துண்டு. 2024 மே மாதம் சாட்ஜிபிடி செய்த ஓபன்ஏஐ புது மாடலை வெளியிட்டபோது அவர்களே ஒரு பட்டியல் போட்டார்கள்: ஒரே வாசகம் பழைய முறையில் ஆங்கிலத்துக்கு 27 டோக்கன், தமிழுக்கு 116. நான்கு மடங்குக்கும் மேல். புது முறையில் 24, 35. குறைத்தது நல்லதுதான், மகிழ்ச்சிதான். ஆனால் ஏற்றி வைத்தபோதும் நம்மைக் கேட்கவில்லை, இறக்கியபோதும் கேட்கவில்லை. நாளைக்கு வேறு மாதிரி எண்ணத் தோன்றினால் எண்ணுவார்கள்.

எண்ணிக்கையாவது பரவாயில்லை, காசோடு போகும். 2025 ஜூலையில் நயாரா எனர்ஜிக்கு நடந்ததைப் பாருங்கள். குஜராத்தில் வாடிநாரில் பெரிய எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை வைத்திருக்கும் நிறுவனம், ரஷ்ய எண்ணெய்க் கம்பெனி ரோஸ்நெஃப்டுக்கு அதில் பங்கு உண்டு. ஐரோப்பிய ஒன்றியம் அதன்மேல் தடை போட்டது. அடுத்த சில நாளில் மைக்ரோசாஃப்ட் அவர்களுடைய மின்னஞ்சலையும், அலுவலகத்துக்குள் பேசிக்கொள்கிற டீம்ஸ் செயலியையும் நிறுத்திவிட்டது. தடை போட்டது ஐரோப்பா, நிறுத்தியது அமெரிக்கக் கம்பெனி, மாட்டிக்கொண்டது இந்திய ஆலை. உரிமத்துக்குப் பணம் முழுக்கக் கட்டியாகிவிட்டது என்றது நயாரா. டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள், சேவை திரும்ப வந்துவிட்டது, செய்தியும் அடங்கிவிட்டது. ரஷ்யப் பங்கு சரியா தவறா என்பது வேறு விவாதம், அதற்குள் நான் போகவில்லை. அவ்வளவு பெரிய நிறுவனமே தன் சொந்தக் கடிதங்களைத் திறந்து படிக்க வழக்குப் போட வேண்டியிருந்தது, ஒரு சின்ன ஆஸ்பத்திரியோ பள்ளிக்கூடமோ என்றால் எந்தக் கதவைத் தட்டும்?

பெயருக்குக்கூட இதே கதி. அமேசான் என்பது முதலில் ஆறு. .அமேசான் என்று முடிகிற இணைய முகவரி வேண்டும் என்று 2012-இல் கம்பெனி விண்ணப்பித்தது; பிரேசில், பெரு உட்பட அந்த நதிப் படுகை நாடுகள் கூடாது என்றன. ஏழு வருட இழுபறிக்குப் பிறகு 2019-இல் கம்பெனி பக்கம் முடிவானது. முடிவு சொன்ன ஐகேன், இணைய முகவரிப் பெயர்களை நிர்வகிக்கிற, கலிஃபோர்னியாவில் பதிவான ஒரு அமைப்பு. அங்கே அரசாங்கங்கள் ஆலோசனை சொல்லலாம், அதற்குமேல் இல்லை.

கட்டுரையாளர் சொன்னதுபோல 'நாமே எல்லாம் செய்துகொள்வோம்' என்று கிளம்புவதில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. உள்ளூர்க் கம்பெனி கையில் படி போனால் மட்டும் நியாயமாக அளக்கும் என்று யார் சொன்னது? ஆனால் ஒன்றுமே செய்ய முடியாது என்பதும் பொய். குறிப்பிட்ட சில தளங்களை மட்டும் இலவசமாகத் தருகிறோம் என்று ஃபேஸ்புக் ஃப்ரீ பேசிக்ஸை வைத்துக்கொண்டு வந்தபோது, 2016 பிப்ரவரியில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் அந்தப் பாகுபாட்டுக் கட்டணத்துக்கே தடை போட்டது. ஃபேஸ்புக்கின் இயக்குநர் குழுவில் இருந்த ஒருவர், காலனிய எதிர்ப்பு இந்தியர்களைப் பொருளாதாரத்தில் நாசமாக்கியது, இப்போது மட்டும் ஏன் நிறுத்துவானேன் என்கிற மாதிரி ட்விட்டரில் எழுதி, அப்புறம் மன்னிப்புக் கேட்டார். காலனியம் என்ற வார்த்தையை நாம் இழுத்துவரவில்லை, அவர் வாயிலிருந்தே வந்தது!

உங்களிடம் ஒரு வேண்டுகோள். அரசுத் துறை இன்ன கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டது என்று மாதம் ஒரு செய்தியாவது போடுகிறீர்கள், கைகுலுக்கும் படத்தோடு. அடுத்த முறை உங்கள் நிருபரை ஒன்று கேட்டு எழுதச் சொல்லுங்கள்: அவர்கள் ஒருநாள் நிறுத்திவிட்டால், நம் கோப்புகளை எத்தனை நாளில், எந்த வடிவத்தில் திரும்ப எடுக்கலாம் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறதா? பதில் கிடைக்காவிட்டால், கிடைக்கவில்லை என்றே அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகன்